சமத்துவத்தை அளக்கும் கோல்

நம் மேகமலைச் சாரலிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் அளவுக்கு உட்படாத பொருள் ஏதேனும் உண்டா? தேயிலைத் தோட்டத்தில் பறித்த கொழுந்து அன்றன்றே நிறுக்கப்பட்டு ஏட்டில் ஏறுகிறது. போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கப்பட்டு எடை போடப்படுகிறது. முல்லைப் பெரியாறு அணையில் நீர்மட்டம் எத்தனை அடி என்பதை நம் பெரியவர்கள் நாளிதழில் முதலில் பார்க்கிறார்கள். ஆனால் ஒரு வீட்டில், ஓர் ஊரில், ஒரு நாட்டில் ஆணும் பெண்ணும் எந்த அளவுக்குச் சமமாக வாழ்கிறார்கள் என்பதை அளக்க ஒரு கோல் உண்டா?

உண்டு. ஐரோப்பிய நாடுகள் அப்படி ஒரு கோலை அமைத்து, தங்களைத் தாங்களே அளந்து பார்த்து வருகின்றன. அக்கோல் எவ்வாறு அமைந்தது, அதை நம் பள்ளத்தாக்கில் வைத்துப் பார்த்தால் நமக்கு என்ன தெரியவரும் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

எண்ணப்படாதவர்கள்

ஐந்து அப்பங்களையும் இரண்டு மீன்களையும் கொண்டு இயேசு பெருமான் மக்கள் கூட்டத்தின் பசியை ஆற்றிய நிகழ்ச்சியை நாம் அனைவரும் அறிவோம். அதை எழுதிய மத்தேயு, உண்டவர்களில் ஆண்கள் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் என்று தொகை கூறுகிறார். பெண்களும் பிள்ளைகளும் அத்தொகையில் சேரவில்லை என்பதையும் அவரே சொல்லிவிடுகிறார். அன்று பெண்களும் அமர்ந்தார்கள், உண்டார்கள், பசியாறினார்கள். ஆனால் எண்ணப்படவில்லை. அப்பம் வழங்கிய ஆண்டவர் வேறுபாடு பார்க்கவில்லை. கணக்கு எழுதும் உலக வழக்கமே வேறுபாடு பார்த்தது.

எண்ணாமல் விடுவதால் என்ன தீங்கு என்று கேட்கலாம். நம் நாட்டு வரலாறே இதற்கு விடை தருகிறது. 1901-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆயிரம் ஆண்களுக்கு 972 பெண்கள் இருந்தனர். 1971-இல் அது 930 ஆகக் குறைந்தது. இடைப்பட்ட எழுபது ஆண்டுகளில் நாடு விடுதலை பெற்றது. பள்ளிகளும் மருத்துவமனைகளும் பெருகின. பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. இருந்தும் பெண்களின் விகிதம் குறைந்தது! 1971-இல் மைய அரசு பெண்களின் நிலையை ஆராய ஒரு குழுவை அமைத்தது. 1974-இல் அக்குழு முடித்த 'சமத்துவத்தை நோக்கி' என்ற அறிக்கை, இந்த வீழ்ச்சியை நாட்டின் கண்முன் நிறுத்தியது. 1990-இல் பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென், உலகில் இருந்திருக்க வேண்டிய பத்துக் கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் இல்லாமற் போனார்கள் என்று எழுதினார். எண்ணிப் பார்த்த பிறகே இழப்பு தெரிந்தது.

ஓர் எளிய கணக்கு

சமத்துவத்தை அளக்க மிக எளிய வழி வகுத்தல் கணக்கே. பெண்களுக்குரிய எண்ணை ஆண்களுக்குரிய எண்ணால் வகுக்க வேண்டும். விடை 1 என்று வந்தால் இருவரும் சமம். 1-க்குக் கீழே வந்தால், எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு இடைவெளி.

எழுத்தறிவை எடுத்துக்கொள்வோம். 1951-இல் இந்தியாவில் நூறு ஆண்களில் ஏறத்தாழ 27 பேரும், நூறு பெண்களில் ஏறத்தாழ 9 பேரும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். 9-ஐ 27-ஆல் வகுத்தால் 0.33. அதாவது ஆண்கள் பெற்றதில் மூன்றில் ஒரு பங்கே பெண்களுக்குக் கிடைத்தது. 2011-இல் ஆண்கள் 80.9 சதவீதம், பெண்கள் 64.6 சதவீதம், விடை 0.80. அதே ஆண்டில் தமிழ்நாட்டில் ஆண்கள் 86.8, பெண்கள் 73.4, விடை 0.85. நமக்கு அடுத்துள்ள கேரளத்தில் விடை 0.96. கம்பமெட்டு ஏறி இறங்கும் தூரத்தில் உள்ள மாநிலம் நம்மைவிட ஒன்றுக்கு நெருங்கி நிற்கிறது.

உலகப் பொருளாதார மன்றம் 2006 முதல் வெளியிட்டு வரும் பாலின இடைவெளி அறிக்கை பெரும்பாலும் இம்முறையிலேயே கணக்கிடுகிறது. கல்வி, உடல்நலம், பொருளாதாரம், அரசியல் என்ற நான்கு துறைகளில் இடைவெளியைக் கண்டு நாடுகளை வரிசைப்படுத்துகிறது. 2025-ஆம் ஆண்டு அறிக்கையில் 148 நாடுகளில் இந்தியா 131-ஆம் இடம் பெற்றது. ஐரோப்பாவின் சிறு தீவு நாடான ஐஸ்லாந்து பல ஆண்டுகளாக முதலிடத்தில் நிற்கிறது.

கணக்கு ஏமாற்றும் இடங்கள்

தோழியரே, இங்கே சற்று நின்று சிந்திப்போம். இரண்டு ஊர்களைக் கற்பனை செய்துகொள்வோம். முதல் ஊரில் நூறு ஆண்களில் 20 பேரும், நூறு பெண்களில் 20 பேரும் படித்தவர்கள். வகுத்தால் விடை 1, முழுச் சமத்துவம்! இரண்டாம் ஊரில் நூறு ஆண்களில் 90 பேரும், நூறு பெண்களில் 81 பேரும் படித்தவர்கள். விடை 0.9, இடைவெளி உண்டு. இவ்விரண்டில் எந்த ஊரில் பிறக்க நாம் விரும்புவோம்? ஐயமின்றி இரண்டாவது ஊரில்தான். இருவரும் சமமாக இருளில் கிடப்பது சமத்துவம் ஆகாது. ஆகவே இடைவெளியோடு உயரத்தையும் சேர்த்து அளக்க வேண்டும் என்பது முதற் பாடம்.

இரண்டாம் பாடத்தை இத்தாலி நாடு கற்பிக்கிறது. ஐரோப்பாவில் ஆண், பெண் ஊதிய இடைவெளி குறைவாகக் காணப்படும் நாடுகளுள் இத்தாலியும் ஒன்று. அங்கே சமத்துவம் ஓங்கியுள்ளது என்று உடனே முடிவு கட்டலாமா? கூடாது. அங்கே வேலைக்குச் செல்லும் பெண்களின் விகிதம் மற்ற ஐரோப்பிய நாடுகளைவிடக் குறைவு. குறைந்த கூலி பெறக்கூடிய பெண்கள் பலர் வேலைக்கே போவதில்லை. போகிறவர்களில் நன்கு படித்தவர்கள் மிகுதி. எனவே சராசரி ஊதியம் உயர்ந்து தெரிகிறது. வீட்டில் இருப்பவர்கள் கணக்கில் இல்லை.

நம் பள்ளத்தாக்கில் இது தலைகீழ். இங்கே பெண்கள் விடியுமுன் ஜீப்பில் ஏறிக் குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள், வயலில் நாற்று நடுகிறார்கள், கொழுந்து பறிக்கிறார்கள். வேலைக்குப் போகும் பெண்களை மட்டும் எண்ணினால் நாம் பல ஊர்களை முந்திவிடுவோம். ஆனால் அந்த வேலைக்கு என்ன கூலி, கூலி யார் கையில் சேருகிறது, வீடு திரும்பிய பின் எவ்வளவு ஓய்வு என்று கேட்காமல் சமத்துவம் என்று சொல்லலாமா? ஒற்றை எண்ணை நம்பக்கூடாது என்பதே இரண்டாம் பாடம்.

ஐரோப்பாவின் ஆறு படிகள்

இவ்விரு பாடங்களையும் உணர்ந்தே ஐரோப்பிய ஒன்றியம் தன் கோலை அமைத்தது. லித்துவேனியா நாட்டின் வில்னியஸ் நகரில் உள்ள ஐரோப்பியப் பாலினச் சமத்துவ நிறுவனம், 2013-இல் முதன்முறையாகச் சமத்துவக் குறியீட்டை வெளியிட்டது. வேலை, பணம், அறிவு, நேரம், அதிகாரம், உடல்நலம் என்பன அதன் ஆறு துறைகள். 1 முதல் 100 வரை மதிப்பெண். இடைவெளி எவ்வளவு என்று பார்ப்பதோடு, அந்நாடு எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதையும் சேர்த்தே மதிப்பெண் இடப்படும். 2023-இல் ஒன்றியம் முழுவதற்கும் 70.2 மதிப்பெண் கிடைத்தது. சுவீடன் 82.2 பெற்று முதலிடத்திலும், ருமேனியா 56.1 பெற்றுக் கடைசியிலும் இருந்தன. எந்த நாடும் நூறு வாங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். இந்த ஆறு படிகளிலும் நாம் ஏறிப் பார்ப்போம்.

வேலையும் பணமும்: சம வேலைக்குச் சம ஊதியம் என்னும் நெறி 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 39-ஆம் பிரிவிலேயே உள்ளது. ஐரோப்பிய நாடுகள் 1957-இல் ரோமாபுரியில் செய்த உடன்படிக்கையில் இதை எழுதின. நமக்கு 1976-இல் சம ஊதியச் சட்டம் வந்தது. பின்னர் 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு அதைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. சட்டம் இருந்தும் வயலில் ஆண் கூலி, பெண் கூலி என்ற பேச்சு ஏன் நிற்கவில்லை? வரப்பு வெட்டுவது ஆண் வேலை என்றும், நடவும் களையெடுப்பும் பெண் வேலை என்றும் பிரித்து வைத்திருக்கிறோம். வேலை வேறு என்பதால் கூலியும் வேறு என்று சொல்லிவிடுகிறோம். நாள் முழுதும் சேற்றில் குனிந்து நடுவது வரப்பு வெட்டுவதைவிட எந்த வகையில் இளைத்தது? இதனால்தான் உலகத் தொழில் அமைப்பு 1951-இல் 'சம மதிப்புள்ள வேலை' என்று தெளிவாகச் சொன்னது. இந்தியாவும் அதை 1958-இல் ஏற்றுக்கொண்டது. நூறு நாள் வேலை என்று நாம் அழைத்த 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இருபாலருக்கும் ஒரே கூலி நிர்ணயிக்கப்பட்டபோது, தமிழ்நாட்டில் அவ்வேலைக்குத் திரண்டு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்களே.

அறிவு: நாம் பள்ளியில் அமர்ந்திருப்பதே இப்படியில் நாம் ஏறியிருப்பதற்குச் சான்று. ஆயினும் பத்தாம் வகுப்போடு நின்றுவிடும் தோழியர் நம் ஒவ்வொருவர் தெருவிலும் இருக்கிறார்கள். பெயர்ப் பட்டியலில் இருப்பதை மட்டும் எண்ணாமல், முடித்து வெளியேறுவதையும் எண்ண வேண்டும்.

அதிகாரம்: 2023-இல் ஐரோப்பா மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கிய துறை இதுவே. இதில் ஐரோப்பா எப்போதும் நமக்கு முன்னோடி என்று எண்ணிவிட வேண்டாம். சென்னை மாகாணத்தில் சொத்துத் தகுதி உடைய பெண்களுக்கு 1921-இல் வாக்குரிமை கிடைத்தது. 1927-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்ற மேலவையின் துணைத் தலைவரானார். நம் நாட்டுப் பெண்கள் அனைவரும் 1951-52 பொதுத் தேர்தலில் வாக்களிக்க உரிமை பெற்றிருந்தபோது, செல்வச் செழிப்பு மிக்க சுவிட்சர்லாந்தில் பெண்களுக்கு அவ்வுரிமை இல்லை. அங்கே நாடாளுமன்றத் தேர்தல் வாக்குரிமை 1971-இல்தான் கிடைத்தது! ஆனால் அதன்பின் என்ன ஆயிற்று? சுவீடன் நாடாளுமன்றத்தில் ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள். நம் மக்களவைக்கு 2024-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட 543 பேரில் பெண்கள் 74 பேர். தமிழ்நாடு சட்டமன்றத்துக்கு 2021-இல் வென்ற 234 பேரில் பெண்கள் 12 பேர். ஊராட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு என்று தமிழ்நாடு 2016-இல் சட்டம் செய்ததால், அடிமட்டத்திலாவது ஏணி சாய்க்கப்பட்டிருக்கிறது.

அதிகாரம் என்பது நாற்காலி மட்டுமன்று. தன் குறையைத் தானே எடுத்துரைப்பதும் அதிகாரமே. 2015 செப்டம்பரில் நமக்கு அண்மையிலுள்ள மூணாறில் தேயிலைத் தோட்டப் பெண் தொழிலாளர்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், போனஸ் குறைக்கப்பட்டதை எதிர்த்து ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். தங்கள் சார்பில் பேசிவந்த ஆண் தலைவர்களை விலக்கி வைத்துவிட்டுத் தாங்களே பேசினார்கள். 'பெம்பிளை ஒருமை' என்று பெயர் பெற்ற அவ்வெழுச்சி, பழைய போனஸ் விகிதத்தை மீட்டுத் தந்தது.

உடல்நலம்: 2019-21 ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கும், ஆண்களில் 25 சதவீதம் பேருக்கும் இரத்தசோகை. உடற்கூற்றுக் காரணங்கள் உண்டு என்பது உண்மையே. ஆயினும் கடைசியாக உண்பவர் யார், சட்டியில் மிஞ்சியதை உண்பவர் யார் என்ற கேள்வியும் இதற்குள் அடங்கியிருக்கிறது.

தொட்டிலில் தொடங்கும் கணக்கு

உடல்நலத்திற்கும் முந்தியது உயிர். ஐரோப்பியக் கோல் இதைத் தனித் துறையாக அளக்கவில்லை. அங்கே அதற்குப் பெரிய தேவை எழவில்லை. நமக்கோ தேவை உண்டு.

2011 கணக்கெடுப்பில் தேனி மாவட்டத்தில் ஆயிரம் ஆண்களுக்கு 991 பெண்கள். இந்திய சராசரி 943. இதைப் பார்த்து நாம் மகிழலாம். ஆனால் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளை மட்டும் தனியே எண்ணிப் பார்த்தால் மகிழ்ச்சி குறைகிறது. இயற்கையில் நூறு பெண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 105 ஆண் குழந்தைகள் பிறக்கும். அதன்படி ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 950 பெண் குழந்தைகளாவது இருக்க வேண்டும். 2001-இல் தேனி மாவட்டத்தில் அவ்வெண் 900-க்கும் கீழே இருந்தது. பெண் சிசுக்கொலையும், கருவிலேயே பெண் எனக் கண்டு அழிப்பதும் நம் பகுதியைத் தீண்டியிருந்தன என்பதற்கு இவ்வெண்ணே சாட்சி. பெண்கள் நீண்ட நாள் வாழ்வதும், ஆண்கள் பிழைப்பு தேடி வெளியூர் போவதும் மொத்தக் கணக்கை உயர்த்திக் காட்டும். தொட்டிலின் குறையை அது மறைத்துவிடும்.

1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தேனி, மதுரை, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. கருவில் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் சட்டம் 1994-இல் வந்தது. அரசும், தொண்டு நிறுவனங்களும், அருட்சகோதரியரும் ஊர் ஊராக எடுத்துரைத்தனர். 2011-இல் எண் 900-ஐத் தாண்டியது. ஆயினும் 950-ஐ எட்டவில்லை. குறையும் ஒவ்வோர் எண்ணும் நம்மோடு இவ்வகுப்பில் அமர்ந்திருக்க வேண்டிய ஒரு தோழி. இதைவிடப் பெரிய கணக்குப் பாடம் நமக்கு வேறில்லை.

நேரம் என்னும் மறைந்த படி

ஆறு துறைகளுள் நாம் இன்னும் பேசாதது நேரம். 1975-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை உலகப் பெண்கள் ஆண்டாக அறிவித்தது. அவ்வாண்டு அக்டோபர் 24-ஆம் நாள் ஐஸ்லாந்துப் பெண்களில் ஏறத்தாழ 90 சதவீதம் பேர் அலுவலக வேலை, வீட்டு வேலை இரண்டையும் நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். பள்ளிகள் பல மூடப்பட்டன. தந்தையர் பிள்ளைகளைத் தங்களோடு அலுவலகத்துக்கு அழைத்துச் செல்ல நேர்ந்தது. சமையல் அறியாத வீடுகளில் ஆயத்த உணவுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. ஒரே நாளில் அந்நாடு பெண்களின் உழைப்பை எடை போட்டுப் பார்த்துவிட்டது! ஐந்தாண்டுகளுக்குப் பின் 1980-இல் அந்நாட்டு மக்கள் விக்டிஸ் ஃபின்போகதோட்டிர் என்ற பெண்மணியைத் தங்கள் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

இந்தியாவில் 1998-99-இல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் நேரப் பயன்பாட்டு ஆய்வு சோதனை முறையில் நடந்தது. 2019-இல் நாடு முழுவதும் நடந்த ஆய்வில், ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஈடுபடும் ஆண் ஒருவர் 97 நிமிடங்களும் செலவிடுவது தெரிந்தது. அதிலும் அவ்வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் நூற்றுக்கு 81 பேர். ஆண்கள் 26 பேர் மட்டுமே.

ஆனால் 2011 கணக்கெடுப்பில், வீட்டு வேலை மட்டுமே செய்பவர் 'வேலை செய்யாதவர்' என்ற பிரிவில்தான் சேர்க்கப்பட்டார். விடியுமுன் எழுந்து, தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, முதியோரைப் பேணி, இரவில் கடைசியாகப் படுப்பவர் வேலை செய்யாதவராம்! தோட்டத்துத் தராசு கொழுந்தை நிறுக்கும். கொழுந்து பறிக்குமுன் அத்தாய் செய்து முடித்த வேலையை நிறுக்காது.

நாம் செய்யக்கூடியது

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995-இல் பெண்களுக்கு எழுதிய மடலில், சம வேலைக்குச் சம ஊதியமும், வேலை செய்யும் தாய்மாருக்குப் பாதுகாப்பும் வேண்டும் என்று வலியுறுத்தினார். ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசுகளை நம் ஆண்டவர் எப்படி அளந்தார் என்பதையும் நினைப்போம். பிறர் போட்ட தொகையைப் பார்த்தனர். அவர் அவளுக்கு மிஞ்சியது என்ன என்று பார்த்தார். ஐரோப்பியக் கோல் நேரத்தை அளப்பதன் உட்பொருளும் அதுவே. உழைத்து முடித்த பின் பெண்ணுக்கு மிஞ்சுவது என்ன?

ஆகவே நம் பள்ளி மாணவியர் அனைவருக்கும் ஒரு பயிற்சி தருகிறோம். ஒரு தாளில் காலை நான்கு மணி முதல் இரவு பத்து மணி வரை மணி வாரியாகக் கோடு இடுங்கள். வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம் ஒதுக்குங்கள்: தாய், தந்தை, அண்ணன், தம்பி, அக்காள், நீங்கள், பாட்டி. ஒரு நாள் முழுதும் யார் எந்த மணியில் என்ன செய்தார் என்று குறித்து வாருங்கள். கூலி வேலை, வீட்டு வேலை, படிப்பு, ஓய்வு என நான்காகப் பிரித்துக் கூட்டுங்கள். பிறகு வகுத்துப் பாருங்கள். தம்பியின் படிப்பு நேரத்துக்கும் உங்கள் படிப்பு நேரத்துக்கும் விடை ஒன்று வருகிறதா? யாரையும் குற்றம் சாட்டுவதற்காக அன்று. இரவு உணவின்போது அத்தாளை அனைவர் முன்னும் வைத்து அன்போடு படித்துக் காட்டுங்கள். எந்த வேலையை யார் பகிர்ந்துகொள்ளலாம் என்று பேசுங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 மார்ச் முதல் நாளை அடிப்படையாகக் கொண்டு அமையும் என அரசு அறிவித்துள்ளது. கணக்கெடுப்பவரிடம் 'வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்' என்ற சொல் நம் வாயிலிருந்து வரவேண்டாம். சொந்த நிலத்தில் களையெடுப்பதும், மாடு வளர்த்துப் பால் விற்பதும், குடும்பக் கடையில் அமர்வதும் கூலி இல்லாவிட்டாலும் வேலையே. 1991 முதல் கணக்கெடுப்பின் கேள்வியே அதைத் தெளிவாகச் சொல்கிறது. அவற்றை மறவாமல் சொல்லுங்கள்.

சுவீடன் 82 மதிப்பெண் வாங்கியது ஒரே நாளில் நடந்ததன்று; ஆண்டுதோறும் அளந்து, குறைந்த இடத்தைக் கண்டு, திருத்தித் திருத்தி ஏறியது. நாமும் நம் வீட்டிலிருந்தே அளக்கத் தொடங்குவோம். எண்ணப்படாத ஒருத்திகூட நம் பள்ளத்தாக்கில் இல்லை என்னும் நாளை, இறையருளாலும் நம் முயற்சியாலும் உருவாக்குவோம்!